பூஜைக்குப் போன துப்பாக்கி

கடைக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு தம்ளர் மோர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது எங்கள் வழக்கம், ஐயா. என் தாத்தா காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறவர்கள் சற்று விறைப்பாகவே நுழைவார்கள். மோரைக் குடித்து முடித்ததும் தோள்கள் இறங்கி, குரல் தணிந்துவிடும். நேற்று விசாரணையின் நடுவே தாங்கள் எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது. மரியாதை தெரிந்த இடத்தில் உண்மையைச் சொல்வது எளிது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பதிவேடுகளில் எழுதியிருக்கிறேன், மாதாந்திர அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு வெளியே, என் சொந்த வார்த்தைகளில் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. "உங்கள் போக்கிலேயே எழுதுங்கள்" என்று தாங்கள் பெருந்தன்மையுடன் கூறியதால் இதைத் தொடங்குகிறேன். பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும். தாங்கள் முதலில் கேட்ட கேள்வி, ரமேஷ்குமாருக்குத் தோட்டா எங்கிருந்து கிடைத்தது என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன். மறைப்பதற்காக அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் பெயர் பாலசுந்தரம். சேலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளர். தாத்தா வாங்கிய உரிமம், அப்பா பெயருக்கு மாறி, பின்பு என் பெயருக்கு வந்தது. எங்கள் தொழிலில் விற்பனை என்பது இப்போது பெயரளவுக்குத்தான். பெரும்பாலும் காவல் காக்கிற வேலை. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடைகளிலோ ஒப்படைக்க வேண்டும். உரிமம் புதுப்பிக்கத் தாமதமானாலும் அப்படியே. உரிமதாரர் இறந்துபோனால் வாரிசுகள் உரிமம் பெறும்வரை அவருடைய துப்பாக்கி எங்கள் பாதுகாப்பு அறையில் இருக்கும். எந்தத் துப்பாக்கி, யாருடையது, அதன் எண் என்ன, என்று வந்தது, என்று போனது என்று ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுதுவோம். மாதம் முடிந்ததும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல்துறைக்கும் அறிக்கை போகும். ஒரு துப்பாக்கி காணாமல் போனால் உடனே தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் கையில் எந்தக் காரணத்துக்காகவும் எதையும் கொடுக்கக் கூடாது. இவை தாங்கள் அறியாதவை அல்ல. நானும் அறிந்தே இருந்தேன் என்பதைக் குறிக்கவே எழுதுகிறேன்.

எங்கள் கடையின் பதிவேடுகளில் இதுவரை ஒரு அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் எல்லோரும் அதைப் பாராட்டியிருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு காரியம் மட்டும் பதிவேட்டில் ஏறாமல் நடந்து வந்தது. அது ஆயுத பூஜை. ஒப்படைத்தவர்கள் பூஜைக்கு முன்தினமோ, பூஜையன்று காலையிலோ வந்து நிற்பார்கள். "ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க சாமி, சந்தனம் குங்குமம் வெச்சு, காலைல கொண்டாந்து தந்தர்றனுங்க" என்பார்கள். டிராக்டருக்கும் மோட்டாருக்கும் லாரிக்கும் பொட்டு வைத்துவிட்டு, அப்பா கையாண்ட துப்பாக்கியை மட்டும் கடையில் வெறுமையாகக் கிடக்க விட அவர்களுக்கு மனம் ஒப்பாது. தாத்தா கொடுத்தார். அப்பா கொடுத்தார். நானும் நம்பிக்கையானவர்களுக்குக் கொடுத்தேன். மறுநாள் விஜயதசமியன்று காலையில் அனைத்தும் பத்திரமாகத் திரும்பிவிடும். என்னைத் தேடி வந்து கேட்கிறவரிடம் "இல்லை" என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை, ஐயா. பள்ளிக் காலத்திலிருந்தே அப்படி.

அர்த்தநாரி அவர்கள் அப்படிப்பட்ட நம்பிக்கையானவர். இராசிபுரத்துக்கு அப்பால் மரவள்ளித் தோட்டம், கிணறு, சொந்த வீடு என்று நன்றாக வாழ்ந்தவர். காட்டுப் பன்றிகளை விரட்ட அவரிடம் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. உரிமம் புதுப்பிப்பது இழுத்துக்கொண்டே போனதால் துப்பாக்கி எங்களிடமே இருந்தது. ஒவ்வொரு பூஜைக்கும் அவரே வந்து வாங்கிப் போய், அவரே கொண்டுவந்து கொடுத்தார். சென்ற ஆண்டு சித்திரையில் காலமானார்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அவருடைய மனைவி கந்தம்மாள் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வாரிசு உரிமம் பற்றி முடிவாகும் வரை துப்பாக்கி எங்களிடம் இருக்கட்டும் என்று மூவரும் கையொப்பமிட வேண்டியிருந்தது. மூத்தவர் ஜெயபிரகாஷ், மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். இளையவர் ரமேஷ்குமார், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். கிணற்றுத் தண்ணீரைப் பங்கிடுவதில் இருவருக்கும் மனத்தாங்கல் என்பது அவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்ததிலேயே தெரிந்தது.

கந்தம்மாள் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். அவர் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, அதில் காணிக்கை முடிந்து, விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் இறுக்கிக் கட்டினார்.

"அம்மா, அது துப்பாக்கி, மாடில்ல. கவுறு கட்டற மாதிரி கட்டறே" என்றார் ரமேஷ்குமார்.

"மாடாச்சும் சொன்னா கேக்கும், கண்ணு. நீங்க ரெண்டு பேரும் கேக்கறீங்ளா?" என்றார் அந்த அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "எதுக்காவும் இத அவுக்கப்படாதுங்க சாமி. இவனுக ரெண்டு பேரும் ஒத்துமையா வந்து என்ற முன்னால நிக்கற அன்னைக்கு நானே வந்து அவுத்து, கோயில் உண்டியல்ல போட்டுக்கறேன்" என்றார்.

"அதுவரைக்கும் பத்திரமா இருக்குங்கம்மா" என்றேன்.

அவர் காணிக்கையை முடிந்தபோது நான் கவனித்துப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் தலையைக் குனிந்து பதிவேட்டில் துப்பாக்கி எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணில் ஓர் இலக்கம்கூடப் பிசகிவிடக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

அந்த ஆண்டு பூஜையன்று காலையில் ரமேஷ்குமார் கடைக்கு வந்தார். வேலையாட்களுக்கு விடுமுறை என்பதால் நான் மட்டும் இருந்தேன். துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். மோரைக் குடித்துவிட்டு, "போயிட்டு வாரனுங்க" என்று கிளம்பினார். வழக்கம்போலப் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. பதிவேட்டின்படி அந்தத் துப்பாக்கி என் பாதுகாப்பு அறையில் இருந்தது.

அன்று மாலை, மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போன ஜெயபிரகாஷ் மரவள்ளிச் செடிகளுக்கு இடையில் சுடப்பட்டு இறந்து கிடந்தார்.

மறுநாள் காலையில் நாளிதழில் படித்தேன். படித்துக்கொண்டிருந்தபோதே ரமேஷ்குமாரின் கார் கடைக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணனின் உடலைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த வண்டிக்குப் பின்னாலேயே வந்திருந்தார். உறவினர்களை மருத்துவமனையில் விட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தார்ப்பாய்த் துண்டில் சுற்றியிருந்ததை மேசைமேல் வைத்து, "பொட்டு வெச்சாச்சுங்க" என்றார்.

சந்தனமும் குங்குமமும் ஒழுங்காக இருந்தன. எந்தத் துப்பாக்கி திரும்பி வந்தாலும் குழலைத் திறந்து பார்ப்பது என் முதல் கடமை. திறந்து பார்த்தேன். துடைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தார். எண்ணெயையும் மீறி வெந்த வெடிமருந்தின் வாடை இருந்தது. இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வாடையை இன்னொருவர் விளக்க வேண்டியதில்லை. நான் மறுபடியும் நன்றாகத் துடைத்து, எங்கள் கடை எண்ணெயைப் போட்டேன். பழக்கத்தில் கை தானாகவே செய்தது.

"மஞ்சத் துணி எங்கீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கியோ உழுந்துருச்சுங்க" என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரரிடம் நின்று நின்று கேள்வி கேட்பது முறையல்ல.

அவர் போனபின் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தினேன். காணிக்கைக்கு ஒரு நாணயம் வைப்பதுதான் வழக்கம். ஒரு நாணயத்தை வைத்து முடிந்து, அதே வளையத்தில், அதே போல இறுக்கமாகக் கட்டினேன். பார்த்தவர் யாரும் வேறுபாடு கண்டிருக்க முடியாது. துப்பாக்கியை அதன் இடத்தில் வைத்துப் பூட்டினேன். எனக்கு அப்போதுதான் மனம் அமைதியடைந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். அர்த்தநாரி பெயரில் இருந்த துப்பாக்கி எங்கே என்று கேட்டார். பதிவேட்டைக் காட்டினேன், அறையைத் திறந்து துப்பாக்கியைக் காட்டினேன். எண்ணைச் சரிபார்த்தார். "ஒப்படைச்சதுல இருந்து வெளிய போகலையே?" என்றார். "பதிவேட்டுல அப்படி எதுவும் இல்லீங்க" என்றேன். அது பொய் அல்ல என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். அவர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

அதே வாரத்தில் பச்சமுத்துவைக் கைது செய்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக் காவலுக்கு இருந்தவர். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவர் குடிசைக் கூரையில் செருகியிருந்தது. இருட்டும் நேரத்தில் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டு மறைத்துவிட்டார் என்பது வழக்கு. அவர் சுடவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் துப்பாக்கியை என்னிடம் கொண்டுவந்து, விவரம் தெரிந்தவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். நான் பார்த்தேன். துரு ஏறியிருந்தாலும் பழுதில்லை. "சுடக்கூடிய நிலையில் உள்ளது" என்று சொன்னேன். உண்மையிலேயே அது சுடக்கூடிய நிலையில்தான் இருந்தது. சமீபத்தில் சுடப்பட்டதா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பச்சமுத்துவின் மனைவி சென்னியம்மாள் ஒருமுறை கடைக்கு வந்தார். யாரோ வழி சொல்லி அனுப்பியிருந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கம்மா" என்றேன்.

"வேண்டாஞ் சாமி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த ஓட்டைத் துப்பாக்கில மனுசன் சாவானுங்களா? நாலு தடவ அடிச்சாலும் ஒருக்கா வெடிக்காதுங்க அது. பன்னிகூட அதப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவும்னு எங்கூட்டுக்காரரே சொல்லுவாருங்க. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா ஜாமீனாச்சும் கெடைக்குமுன்னு வக்கீலு சொன்னாருங்க."

வழக்கில் இருக்கும் ஆயுதம் பற்றி நான் தனியாக எழுதிக் கொடுக்க விதி இடம் தராது என்று பொறுமையாக விளக்கினேன். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். பச்சமுத்து இன்றுவரை சிறையில்தான் இருக்கிறார் என்று அறிகிறேன்.

இந்த ஓராண்டு எனக்கு எளிதாக இருந்தது என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. எங்கள் பாதுகாப்பு அறைக் கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே இருக்கும்போது அது சாத்திக்கொண்டால் வெளியிலிருந்து ஒருவர் திறந்தால்தான் உண்டு. அதனால் இருப்பைச் சரிபார்க்க உள்ளே போகும்போது கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுப்போம். அந்தப் பூஜைக்குப் பிறகு, வீட்டில் இருந்தாலும், வாழப்பாடியில் மகள் வீட்டுக்குப் போனாலும், நான் அந்தக் கட்டை இல்லாத கதவுக்கு உள்ளேயே இருப்பதாகத் தோன்றியது.

யோசித்துப் பாருங்கள். மாதம்தோறும் அறிக்கையில் அந்தத் துப்பாக்கியின் எண்ணை எழுத வேண்டும். எழுதாமல் விட முடியாது. எழுதும்போதெல்லாம், அது ஒரு நாளும் வெளியே போகவில்லை என்று மறுபடி ஒருமுறை கையொப்பமிடுகிறேன். கடையை மூடிவிடலாம் என்றாலோ, இருப்பை எல்லாம் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். புதியவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார், வாரிசுகளை அழைத்துக் கேட்பார். உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், வாரிசு ரமேஷ்குமார். அவர் தன் பெயருக்கு உரிமம் கேட்டு மனுச் செய்திருந்தார். கந்தம்மாள் கையொப்பமிடாததால் அது நிலுவையில் நின்றது.

ரமேஷ்குமார் மாதம் ஒருமுறை வந்து கடையில் உட்காருவார். காரணம் எதுவும் சொல்ல மாட்டார். மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, "என்னுங்க, எல்லாம் பத்திரமா இருக்குதுங்ளா?" என்பார். "இருக்குதுங்க தம்பி" என்பேன். "நீங்க இருக்கறவரைக்கும் எனக்கென்னங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மிரட்டல் எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே அறைக்குள் இருக்கிறோம் என்பதை நினைவூட்டுவது போல இருக்கும். அவர் போனபின் அந்த நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். அடுத்த மாதம் வந்தவர் அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

இந்த ஆண்டு பூஜைக்குச் சில நாட்களுக்கு முன்பு கந்தம்மாள் தனியாக வந்தார். மூத்த மகனின் வருடத் திதி வருகிறது என்றார். ஓராண்டில் மிகவும் இளைத்திருந்தார்.

"அந்த முடிச்ச அவுத்துக் குடுத்துருங்க சாமி. இனி அது எதுக்குங்க? ரெண்டு பேரும் எங்கிருந்து ஒத்துமையா வந்து நிக்கறது? கோயில்ல போட்டுட்டு வந்தர்றேன்."

துப்பாக்கியை எடுத்துவந்து வைத்தேன். நானே அவிழ்க்கப் போனேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தானே அவிழ்த்தார். முடிச்சு அவருக்கு எளிதில் வரவில்லை. அவர் போட்ட முடிச்சாக இருந்திருந்தால் வந்திருக்கும். பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதானுங்க இருக்குது" என்றார்.

"ஒண்ணுதானுங்கம்மா முடியறது வழக்கம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பையன் ரெண்டு பேருங்களே, சாமி. ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொண்ணு முடிஞ்சேன்."

ஐயா, பதிவேட்டில் அந்தத் துப்பாக்கியின் நீளம் இருக்கிறது, எண் இருக்கிறது, செய்த நாடு இருக்கிறது, அதன் மரப்பிடியில் இருந்த ஒரு கீறல்கூட இருக்கிறது. அதில் கட்டியிருந்த துணிக்குள் எத்தனை நாணயம் என்று எழுத எங்கும் இடமில்லை. இருந்திருந்தால் நான் அன்று நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

"பூஜைக்குக் குடுத்தீங்ளா?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. கணவர் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் அது வீட்டுக்கு வந்து போனதை அறிந்தவர்தானே.

நான் உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. எங்கள் கடையில் மோரைத் தொடாமல் எழுந்து போனவர் எனக்குத் தெரிந்து அந்த அம்மாள் ஒருவர்தான். ஒற்றை நாணயத்தை அந்தத் துணியிலேயே வைத்து எடுத்துக்கொண்டு, நேராகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். மிச்சமிருந்த மகனையும் தன் கையாலேயே ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று தாங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

பூஜைக்குக் கொடுத்தது விதிமீறல். அதை நேற்றே ஒப்புக்கொண்டேன். "பாவம், நம்பிக் கொடுத்து ஏமாந்துவிட்டீர்கள்" என்று தாங்கள் சொன்னீர்கள். தங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொள்வது நேர்மையாகாது. ஆகவே இன்னும் சிலவற்றை எழுதுகிறேன்.

ஜெயபிரகாஷ் இறப்பதற்கு முந்தைய வாரத்தில் என்னைப் பார்க்க வந்திருந்தார். பள்ளி முடிந்து நேராக வந்ததால் சட்டைக் கையில் சுண்ணாம்புத்தூள் ஒட்டியிருந்தது. மிகவும் பண்பானவர். மோரைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவி வைத்தார்.

"உங்க கணக்குல ஒரு தப்பும் வராதுங்க, அது எனக்குத் தெரியும். கணக்குக்கு வெளிய நடக்கறதப் பத்தித்தான் பேச வந்தேன்" என்றார். "தம்பி நல்லவந்தானுங்க. கோவம் வந்துட்டா அவன் அவனா இருக்க மாட்டான். போன மாசம் கெணத்து மேட்டுல மம்புட்டியத் தூக்கிட்டு வந்தான். மம்புட்டின்னா ஓடித் தப்பிச்சுக்கலாமுங்க. இந்த வருசம் பூஜைக்கு அவன் கையில இதக் குடுத்தராதீங்க."

"சரிங்க" என்றேன்.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணுங்க. பூஜை முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுக்கப் போறேன். துப்பாக்கிய அரசாங்கமே எடுத்துக்கட்டுமுன்னு. ஏன்னு கேட்டா, அப்பா காலத்துல உரிமம் இல்லாமயே பூஜைக்குப் பூஜை ஊட்டுக்கு வந்ததையும் சொல்லித்தான் ஆகோணும். வருசா வருசம் எடுத்த போட்டோ இருக்குதுங்க. உங்களுக்குச் சங்கடந்தான். முன்னாடியே உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போறது மரியாதை இல்லீங்களே, அதுக்குத்தான் வந்தேன். மன்னிச்சுக்கோங்க."

"அதனால என்னங்க, உங்க கடமைய நீங்க செய்யறீங்க" என்றேன். வாசல்வரை சென்று வழியனுப்பினேன்.

அவர் போனபின் வெகுநேரம் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று தலைமுறையாக ஒரு அடித்தல் இல்லாத பதிவேடுகள். திங்கட்கிழமைக்குப் பிறகு யாரும் அவற்றைப் பாராட்டப் போவதில்லை. உரிமம் போகும். ஊரில் என்ன பேசுவார்கள் என்பதையும் நினைத்தேன். அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் அந்தத் திங்கட்கிழமை போகாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதையும் விரும்பவில்லை.

மேலே, பூஜையன்று காலையில் ரமேஷ்குமார் வந்தார் என்று எழுதியிருக்கிறேன். கேட்டு வந்தார் என்று எழுதவில்லை. தாங்கள் கவனித்திருப்பீர்கள். அவர் கேட்கவில்லை. அப்பா இறந்த ஆண்டு என்பதால் அவர்கள் வீட்டில் பூஜையே கிடையாது. முன்தினம் கடைத் தொலைபேசியிலிருந்து நான்தான் அவரை அழைத்தேன். தொலைபேசி நிறுவனத்தில் கேட்டால் அந்த அழைப்பின் விவரம் கிடைக்கும், தங்களுக்கு உதவியாக இருக்கும்.

"பண்டிகை வேண்டாமுன்னாலும் அப்பா துப்பாக்கிக்குப் பொட்டாச்சும் வெக்கலாமுங்க தம்பி" என்றேன். "அடுத்த வருசத்துக்கு அது நம்மகிட்ட இருக்குமோ என்னமோ."

"ஏனுங்க, அப்படிச் சொல்றீங்க?" என்றார்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையல்ல. அண்ணன் வந்துபோனதையும், திங்கட்கிழமை மனுக் கொடுத்து அப்பாவின் துப்பாக்கியை அரசாங்கத்திடம் சேர்த்துவிடப் போகிறார் என்பதையும், தம்பியைப் பற்றிச் சொன்ன மண்வெட்டிக் கதையையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "காலைல வாரனுங்க" என்றார்.

இப்போது தோட்டாவுக்கு வருகிறேன். பழுதுபார்த்த துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென எங்கள் கடைக்குத் தனித் தோட்டாக் கணக்கு உண்டு. அதிலிருந்து இரண்டை எடுத்தேன். அர்த்தநாரி காலத்தில் பூஜைக்குத் தோட்டா கொடுத்ததில்லை, அது உண்மைதான். ரமேஷ்குமாரும் கேட்கவில்லை. துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பியவரை நிறுத்தி, துப்பாக்கியை மட்டும் வைத்தால் பூஜை குறையாகத் தெரியுமே என்று நான்தான் கொடுத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் ஒன்றை முழுதாகவும், மற்றொன்றின் வெற்று உறையையும் பொறுப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முழுதாக வந்ததை இருப்பில் சேர்த்தேன். மற்றதைச் சுடப்பட்டது என்று எழுதிக் கழித்தேன். அதிலும் பொய் எதுவும் இல்லை.

நான் யாரையும் சுடச் சொல்லவில்லை, ஐயா. என் வாக்குமூலத்தில் இது ஒன்றை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். துப்பாக்கி என் கையைவிட்டுப் போகும்போது இரண்டு குழல்களையும் திறந்து, வெறுமையாக இருக்கின்றன என்று அவருக்குக் காட்டித்தான் கொடுத்தேன். தோட்டாக்களைத் தனியாக, ஒரு காகித உறையில் போட்டுத்தான் கொடுத்தேன். துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி.